வாயிற்கதவின் பொத்தான்

ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த வரிசைவீட்டின் வாயிலுக்கு மின்கதவு வைத்தது ஆடம்பரத்துக்காக அன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் சாலையில் வேறு எவர் வீட்டிலும் அது இருக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதாக அக்கம்பக்கத்தார் எண்ணிக்கொண்டனர். நானும் மறுக்கவில்லை. உண்மைக் காரணம் என் அக்கா. அதை எவரிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். மணம் செய்துகொள்ளாதவர். எங்கள் தீவுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தட்டெழுத்தாளராக இருந்தார். காலையில் பேருந்தேறிப் படகுத்துறைக்குப் போவதும், ஃபெர்ரியில் கடலைக் கடப்பதும், மாலையில் அதே வழியில் திரும்புவதும் அவருக்கு மூச்சு விடுவதைப் போல ஆகிவிட்டிருந்தன. ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து மறதி கண்டது. முதலில் பெயர்கள் போயின. பிறகு உண்டதும் உண்ணாததும் போயின. கடைசியில் தாம் ஓய்வு பெற்றதே அவருக்கு நினைவில் இல்லாமற் போயிற்று. விடிந்ததும் குளித்துச் சேலை உடுத்தி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயிலில் வந்து நிற்பார்.

"கேட்டத் தொற தம்பி. ஏழே கால் ஃபெர்ரி போயிடும்லா."

தொடக்க நாள்களில், இன்னும் பாதித் தெளிவோடு இருந்தபோது, மருத்துவர் எங்களிடம் காப்பகங்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொன்னதை அக்கா கேட்டுவிட்டார். வீடு திரும்பினோம். காரை நிறுத்திய பிறகுதான் கேட்டார்.

"அந்த மாதிரி எடத்துக்கு என்னை அனுப்பிடுவியா தம்பி?"

"அனுப்ப மாட்டேன்க்கா."

பின்னிருக்கையிலிருந்து என் மனைவி, "நாங்க இருக்கோம்லா அக்கா, எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதே அதன்பின் எங்கள் இருவருக்கும் அன்றாட வேலையாயிற்று.

முதலில் வாயிற்கதவுக்குப் பூட்டுப் போட்டோம். அக்கா அந்தப் பூட்டைப் பிடித்துக் குலுக்குவார். "நான் என்ன திருடியா? எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?" என்று அவர் உரக்கக் கேட்கும்போது சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அது ஒரு துன்பம். மற்றொன்று, மாலையில் நான் வேலையிலிருந்து வரும் நேரம். காரை வெளியே நிறுத்தி, இறங்கிப் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, மறுபடி ஏறிக் காரை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் அக்கா என்னைக் கடந்து சாலைக்குப் போயிருப்பார். இருமுறை அப்படி நேர்ந்தது.

மின்கதவு இரண்டையும் தீர்த்தது. அதில் பூட்டு இல்லை. அக்கா வந்து தள்ளிப் பார்ப்பார், அசையாது. "துரு பிடிச்சிருக்கு. ஆள வரச்சொல்லி எண்ணெ போடச் சொல்லு" என்று எனக்குக் கட்டளையிட்டுவிட்டு உள்ளே திரும்புவார். ஒரு குவளை காப்பி குடித்து முடிப்பதற்குள் ஃபெர்ரி அவர் நினைவிலிருந்து அகன்றுவிடும். அடைத்து வைத்தோம் என்ற எண்ணம் அவருக்கும் இல்லை. ஓரளவுக்கு எங்களுக்கும் இல்லை.

கதவோடு இரண்டு ரிமோட்டுகள் தந்தார்கள். ஒன்றை என் மனைவி சமையலறையில் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். மற்றொன்று என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு மாலை நான் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ரிமோட் கூடத்துத் தரையில் கிடந்தது. வாயிற்கதவு விரியத் திறந்திருந்தது. அக்கா சந்தைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"காரிலயே வச்சிட்டு வர வேண்டியதுதானே?" என்றாள் மனைவி. முயன்றேன். கைக்கு வந்த எதையும் பையில் போட்டுக்கொள்வது என் பழக்கம். மூன்றாம் நாளே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. காரிலிருந்து எடுக்கவே முடியாதபடி அதைக் காருக்குள் பதித்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஜெலுத்தோங்கில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கார் வயரிங் செய்யும் ஒருவர் எனக்குப் பழக்கம். என்னைவிட இளையவர், வாய் ஓயாதவர். அவரிடம் ஒரு பொத்தானும் கொஞ்சம் கம்பியும் கேட்டேன்.

"எதுக்குண்ணே?"

கதவின் ரிமோட்டைக் காருக்குள் பதிக்க என்று மட்டும் சொன்னேன்.

"எல்லாரும் வெயில் மறைப்புல மாட்டித் தொங்கவிடுறாங்க. ஒங்களுக்கு மட்டும் டேஷ்போர்டுக்குள்ள வேணுமா? பெரிய மனுஷன்லா நீங்க!"

"பார்க்க நல்லாருக்கும்னுதான்."

"காரைக் கொண்டாங்க, அரை மணி வேல. பேனா பிடிக்கிற கை, சூட்டுக்கோல் பிடிச்சா பொத்துப்போயிடும்."

"நானே செஞ்சு பார்க்குறேன் தம்பி."

அவர் கையில் காரை விட்டால் வேலைக்கு நடுவே இன்னும் பத்துக் கேள்விகள் கேட்பார். ஏதாவது ஒன்றுக்கு நான் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும் என்று அஞ்சினேன். நானே செய்யத் துணிந்ததற்கு வேறு காரணம் இல்லை. என் தயக்கத்தைக் கைத்திறமை குறித்த ஐயம் என்று கொண்டு, அவர் ஓர் அறிவுரையும் சொல்லி அனுப்பினார்.

"கரண்டு மட்டும் சாவிக்குப் பின்னால எடுங்கண்ணே. சாவி போட்டாத்தான் வேல செய்யணும்."

"எதுக்கு? அமுக்கினாத்தானே மின்சாரம் ஓடும்? பேட்டரி வீணாகாதே."

"பேட்டரி கெடக்கட்டும். எவனாவது சும்மா அமுக்கினா?"

"கார் எப்பவும் பூட்டியிருக்கும்."

"அப்ப சரி, படிச்சவங்க சொன்னா சரிதான்" என்று சிரித்தார். வாதத்தில் வென்றுவிட்டதாக நான் மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வேலைக்குச் சென்றன. ரிமோட்டின் கூட்டைப் பிரித்தால் உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. அதிலிருந்த சிறு மின்கலத்துக்கும் கார் பேட்டரிக்கும் ஒரே பன்னிரண்டு வோல்ட்டு. இயந்திரம் ஓடும்போது காரில் சற்று ஏறும் என்பதால், அதைத் தணிக்க இரண்டு டயோடுகளை வழியில் வைத்தேன். தகட்டின் பொத்தான் இருந்த இடத்தில் மயிரிழை போன்ற இரு கம்பிகளைச் சூட்டுக்கோலால் ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். வயரிங்காரர் சொன்னது போலவே விரல் பொத்துப்போயிற்று. சுக்கானுக்கு வலப்புறம், என் காரில் இல்லாத பனிவிளக்குக்கென விடப்பட்ட துளையை ஒரு வெறும் மூடி மறைத்திருந்தது. அந்த மூடியைக் குடைந்து பொத்தானைப் பொருத்தினேன். உலோகத்துக்குப் பின்னால் தகட்டை வைத்தால் கதவு செவிசாய்க்கவில்லை. இரண்டு மூன்று இடங்கள் மாற்றிப் பார்த்து, நெகிழியின் பின்புறம் ஒட்டியபோது செவிசாய்த்தது.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கடைசி. சாவிக்குப் பின்னாலுள்ள கம்பியைப் பிடிக்கச் சுக்கானின் கீழ்க்கூட்டைக் கழற்ற வேண்டும். காரின் கடிகாரத்துக்குப் போகும் கம்பியோ கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. கடிகாரம் நிற்கக்கூடாது என்பதற்காக அதில் எப்போதும் மின்சாரம் உண்டு. சுக்கானுக்கடியில் தலைகீழாகக் கிடந்து கழுத்து வலித்தது. கடிகாரக் கம்பியிலேயே இணைத்துவிட்டேன்.

"வாங்கும்போதே இருந்த மாதிரி இருக்கே!" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதங்கள் நிம்மதியாகக் கழிந்தன. சாலை முனையிலேயே பொத்தானை அழுத்துவேன். கார் வந்து சேரும்போது கதவு திறந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் இறங்காமலே மூடிவிடுவேன். அக்கா படியில் நின்று, "வந்துட்டியா?" என்று கேட்பார். அக்காவை நாங்கள் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று நம்பிய மாதங்கள் அவை.

அவ்வாண்டு ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பூசையை முற்பகலிலேயே வைத்துக்கொண்டோம். காரைக் கழுவித் துடைத்து, நான்கு கதவுகளையும் திறந்து, முன்மூடியைத் தூக்கி நிறுத்தினேன். வீட்டுப் படிக்கும் காரின் முகப்புக்கும் இடையில் வாழையிலை விரித்து, என் மனைவியின் தையல் இயந்திரம், கத்தி, சுத்தியல், நான் வாங்கிய சூட்டுக்கோல் எல்லாவற்றையும் பரப்பினோம். எங்கள் வீட்டில் பொட்டு வைப்பது எப்போதும் அக்காதான். எண்ணற்ற செய்திகளை மறந்த அந்தக் கை பொட்டு வைப்பதை மறக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்ததும் அவர் முகம் தெளிந்தது. மோதிரவிரலால் சந்தனம், அதன் நடுவே குங்குமம். ஒவ்வொன்றும் அளந்து வைத்த வட்டம். சுத்தியலுக்கு வைத்தார். நான்கு சக்கரங்களுக்கும் குனிந்து வைத்தார். ஓட்டுநர் பக்கத்தில் உடலை நுழைத்துச் சுக்கானுக்கு வைத்தார்.

எனக்கு அன்று ஒரு பெருமை. என் கையால் செய்த ஒரே பொருள் அந்தக் காரில் இருந்தது.

"அந்தப் பொத்தானுக்கும் வைங்கக்கா."

"எது?"

"அதான், வலப்பக்கம் கறுப்பா இருக்கே."

"இதையுமா கும்புடணும்?" என்று கேட்டுச் சிரித்தபடியே வைத்தார். நான் கற்பூரத்தட்டை எடுக்கத் திரும்பினேன்.

மணியை நான் அடித்தேன். மனைவி தீபம் காட்டினாள். வானொலிப்பெட்டியில் நாகசுவர ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. தூக்கி நிறுத்திய முன்மூடி வாயிலை எங்கள் கண்ணிலிருந்து மறைத்திருந்தது. கற்பூரம் அடங்கியதும் நீறு பூசிக்கொண்டோம், அக்காவும் பூசிக்கொண்டார். பின்பு நாங்கள் இருவரும் பொங்கலையும் சுண்டலையும் இலைகளில் பகிர உள்ளே போனோம். ஐந்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தபோது அக்கா இல்லை. அவருடைய கைப்பையும் கூடத்துக் கொக்கியில் இல்லை. வாயிற்கதவு, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து நின்றது.

பக்கத்து வீட்டு அம்மா சுண்டல் வாங்கிக்கொள்ள மதிலருகே நின்றிருந்தார். அவர் எதிரிலேயே நான் மனைவியைக் கேட்டேன்.

"ரிமோட்ட எங்க வச்சே?"

"அரிசி டின்னுலதான்."

"போய்ப் பாரு."

"அங்கதாங்க இருக்கு. அரிசி எடுக்கும்போது பார்த்தேன்."

"அப்ப கேட்டு எப்படித் தொறந்துச்சு? தானாத் தொறக்குமா?"

அவள் உள்ளே ஓடினாள். அரிசி ஒட்டிய ரிமோட்டோடு திரும்பி வந்து, அதை என் கையில் வைத்தாள். அப்போதும் நான் நம்பவில்லை. எடுத்துவிட்டு ஒளித்திருப்பாள் என்று எண்ணவில்லை. எங்கேனும் கவனம் தப்பியிருப்பாள் என்று எண்ணினேன். அந்த எண்ணம் என் முகத்தில் எழுதியிருந்தது போலும். செருப்பும் அணியாமல் அவள் காரில் ஏறினாள்.

பேருந்து நிறுத்தத்தில் பழம் விற்பவர், "சந்தனப் பொட்டு வச்ச பெரியம்மாவா? ஃபெர்ரி ஜெட்டி பஸ் ஏறிப் போயிட்டாங்களே" என்றார். கைப்பை வெறுமையாக இருந்தால் அக்கா கலங்குவார் என்று என் மனைவி அதில் எப்போதும் சில்லறை போட்டு வைத்திருந்தாள். பேருந்துக்கு அது போதும். ஃபெர்ரிக்கோ, தீவிலிருந்து போகிறவர்களிடம் எவரும் கட்டணம் கேட்பதில்லை. அக்கரையிலிருந்து வருகிறவர்களிடம்தான் வாங்குவார்கள். அவரைத் தடுத்து நிறுத்த வழியில் ஓர் ஆளும் இல்லை.

காரோடு ஃபெர்ரியில் ஏறினோம். கடல் நடுவே, வாகனத் தட்டில், முன்னும் பின்னும் அசைய இடமில்லாமல் அமர்ந்திருந்தோம். மனைவி சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். நான் சுக்கானில் கைவைத்தபடி செய்வதற்கு ஒன்றுமின்றி எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்புறத்தில் அந்தக் கறுப்புப் பொத்தான் இருந்தது. அதன்மேல் சந்தன வட்டம். அதன் நடுவே குங்குமம்.

உடனே விளங்கவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தபின் விளங்கியது. சந்தனம் வைக்க ஒருமுறை அழுத்தினார். கதவு திறக்கத் தொடங்கியது. குங்குமம் வைக்க மறுமுறை அழுத்தினார். பாதி வழியில் நின்றுவிட்டது. சாவி போடாத காரில் அது வேலை செய்தது, நான் கடிகாரக் கம்பியில் இணைத்திருந்ததால். பூட்டியே இருக்கும் என்று நான் உறுதி சொன்ன கார், ஆண்டில் அந்த ஒரு நாள் நான்கு கதவுகளும் திறந்து கிடந்தது. வைக்கச் சொன்னவனும் நான்.

"நாந்தான்" என்றேன்.

அவள் திரும்பினாள். பொத்தானைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கடலின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பட்டர்வொர்த்தில் பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் சுற்றினோம். அவருடைய பழைய அலுவலகம் இருந்த தெரு எனக்குத் தெளிவாக நினைவில்லை. மூன்று முறை தவறான தெருவில் திரும்பினேன். கண்டுபிடித்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது அறைகலன் கடை. ஞாயிறாதலால் இரும்புத்திரை இறங்கியிருந்தது. அதன் முன், அஞ்சடி நடைபாதையில், கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அக்கா. ஒரு காலில் செருப்பு இல்லை, உள்ளங்கால் கொப்புளித்திருந்தது. பூசைக்கு உடுத்திய புதுச்சேலை நனைந்திருந்தது. அன்று மழை பெய்யவில்லை.

"எங்க போயிட்டீங்க எல்லாரும்? ஒருத்தரும் வரலியே" என்றார். பிறகு என்னை அடையாளம் கண்டு குரலைத் தாழ்த்தினார். "சாவி பியூன்கிட்ட இருக்கு தம்பி. உள்ள போக முடியல. அதான்..." என்று சேலையை இழுத்து மறைக்க முயன்றார்.

என் மனைவி காரைத் துடைத்த துண்டை எடுத்து வந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். "ஒண்ணுமில்லக்கா. தண்ணி கொட்டிருச்சு, அவ்வளவுதான். வாங்க" என்றாள். அவளுடைய வெறுங்கால்களும் சிவந்து கிடந்தன.

மறுநாள் மாலை சுக்கானின் கீழ்க்கூட்டைக் கழற்றி, கம்பியைச் சாவிக்குப் பின்னால் மாற்றினேன். பத்து நிமிட வேலை. மனைவி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே சாவி இல்லாம வேலை செய்யாது" என்றேன்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"ரெண்டு வருஷமா நான் குளிக்கும்போது கதவச் சாத்தினதில்ல. தெரியுமா ஒங்களுக்கு?"

எனக்குத் தெரியாது.

"நேத்து எல்லார் முன்னாலயும் ரிமோட் எங்கன்னு கேட்டீங்க. அது என் தப்பு இல்ல, போயிட்டுப் போகுது. நாளைக்கு நெசமாவே என் கையால ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? நீங்க ஒரு வார்த்த கேக்காட்டியும் என்னால தாங்க முடியாது. அக்காவ நான் வெறுத்துடுவேனோன்னு பயமா இருக்குங்க."

நான் திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்தேன். அக்காவுக்குத் தந்த சொல்லை இவளுடைய உடம்பை வைத்துத்தான் இத்தனை நாளும் காப்பாற்றி வந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருத்துவர் சொன்ன காப்பகங்களை விசாரிக்கிறேன் என்றேன்.

நிபோங் திபாலுக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, தமிழர்கள் நடத்திய ஒரு காப்பகம் இருந்தது. அக்காவின் கால் ஆறியதும் அழைத்துப் போனோம். கடற்பாலத்தைக் கடக்கும்போது அவர் உற்சாகமாக இருந்தார். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. சொல்லும் துணிவு எனக்கும் இல்லை. அங்கே மரங்களுக்குக் கீழே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என் மனைவி அவரை ஒரு நாற்காலியில் அமர்த்தித் தலைவாரிப் பின்னிவிட்டாள்.

உள்ளே மேசையில் இருந்த பெண்மணி என்னிடம் படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டார். அவருக்கு என் வயதிருக்கும். கடைசியில் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, தம்பி எப்ப வந்து கூட்டிட்டுப் போவாருன்னு அக்கா கேப்பாங்க. எல்லாருமே கேப்பாங்க. நாங்க என்ன சொல்லணும்?"

"மத்தவங்க என்ன சொல்லச் சொல்றாங்க?"

"நாளைக்குன்னு சொல்லச் சொல்வாங்க சிலபேரு. வேல முடிஞ்சதும்னு சிலபேரு."

"ஞாயித்துக்கெழம வருவேன்னு சொல்லுங்க" என்றேன். வருவேன் என்பது மெய். அழைத்துப் போவேன் என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை அவரும் கவனித்தார். தலையசைத்து எழுதிக்கொண்டார்.

ஞாயிறுதோறும் போனேன். மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக அக்கா அங்கே இருந்தார். காரியங்கள் எல்லாம் முடிந்து, அவருடைய துணிமணிகளை வாங்கிக்கொள்ளப் போன நாளில் அந்தப் பெண்மணியிடம் கேட்டேன்.

"நான் எப்ப வருவேன்னு கேட்டா ஞாயித்துக்கெழமன்னு சொல்லிட்டிருந்தீங்களா?"

அவர் துணிமூட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒங்க அக்கா ஒருநாளும் கேக்கலண்ணே."

அதை மறதி என்று எடுத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.